பாதி விலைக் கரி

ஏஜாக்ஸில் ஏரிக்காற்று திசை மாறியதும்
புகை எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தது.

"இது இறைச்சி மணமில்லை" என்றாள் ஜெயரூபி.
கோழி இன்னும் கம்பியில் ஏறவேயில்லை;
மஞ்சளும் தயிரும் பூசி
மூடிய சட்டிக்குள் கிடந்தது.

மண்ணெண்ணெய் என்றேன் நான்.
தலைமயிர் கருகுது என்றாள் மயூரதி.
"புதுக்காருக்குள்ள ஆரோ
சிகரெட் பத்தின மாதிரி."
இது சுபாங்கன். அவனுக்கு எல்லாமே கார்.

தணலுக்கு மிகக் கிட்ட நின்று
பியர்ப் பெட்டி அட்டையால்
விசிறிக்கொண்டிருந்தான் குகேந்திரன்.
காய்ச்சல் வந்துபோன அந்த வருடம்
மூக்கிலிருந்து போனது
மூன்று கோடையாகியும் திரும்பவில்லை அவனுக்கு.
"என்ன மணம் எண்டு
வடிவாச் சொல்லுங்கோவன்."

சொன்னோம்.
போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம்,
ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டி.
பழைய பற்றறி. ஆசுப்பத்திரி. ஈரச் சப்பாத்து.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்,
தெரியாத ஊருக்கு
வழி கேட்பவனைப் போல.

பிறகு இடுக்கியால் கிளறினான்.
சாம்பலுக்கடியில் ஒரு துண்டு:
பாதி கரி, பாதி நீலம்.
குமிழ் விட்டு உருகும் பெயின்ட்,
நடுவே தலை நசுங்கிய ஓர் ஆணி.
கதவோ, கதிரைக் காலோ,
யாரோ வீட்டில் நின்றது.

கோழி ஐஸ் பெட்டிக்குள் திரும்பிப் போனது.
சுபாங்கன் பீட்சா வாங்கப் போனான், காரில்தான்.
குகேந்திரன் அந்தத் துண்டைத் தூக்கி
தண்ணீர் வாளிக்குள் போட்டான்.
சீறி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீலம்" என்றான்.
"முதலே சொல்லியிருக்கலாமே,
நீலம் எண்டு."