மூன்று பிரதி

பின்னிரவு இரண்டு ஐம்பது.
மேசைமேல் கைப்பேசி துடிக்கிறது:
லங்சாட் பதில் சொல்லவில்லை.

சர்வர்களுக்குப் பழப்பெயர் வைத்தது சியூ லிங்.
மங்குஸ்தீன், ரம்புத்தான், லங்சாட்.
டுரியானை மட்டும் ஹபிசுடின் சேர்க்கவிடவில்லை,
விழுந்தால் தலை உடையுமாம்.

மூன்றிலும் இருப்பது ஒன்றேதான்,
கோலாலம்பூர் ரயில்களில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போனவை.
பங்சாரில் ஒரு குடை.
மஸ்ஜித் ஜாமெக்கில் ஒற்றைச் செருப்பு
(மற்றதோடு எப்படி நடந்து போனாரோ).

வருகிற பதிவைச் சொல் சொல்லாக உடைத்துத்
தலைகீழாக எழுதிவைக்கிறோம்:
'குடை'க்கு எதிரே
குடை வந்த எல்லாப் பதிவின் எண்ணும்.
'நீலம்' எதிரே இன்னொரு வரிசை.
இரண்டும் சந்திக்கும் எண்ணில்
யாரோ ஒருவர் நனைந்து வீடு போயிருக்கிறார்.

வரிசைகளைத் துண்டு போட்டு, துண்டுக்கு மூன்று பிரதி,
இயந்திரத்துக்கு ஒன்று.
மூலம் எழுதும், நகல்கள் எழுதும்,
அவையும் 'ஆச்சு' என்ற பிறகே
முகப்பில் இருக்கும் பெண்ணுக்குப் 'பதிவானது' என்று வரும்.

இப்போது லங்சாட் இல்லை.
மிஞ்சிய இரண்டும் வாக்களிக்கின்றன. மூன்றில் இரண்டு, போதும்.
ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால்
தன்னைத் தலைவன் என்று சொல்லிக்கொள்ளாது.
அந்த அடக்கம் அதற்கு உண்டு.
மங்குஸ்தீனில் நகலாய்க் கிடந்தது மூலமாகிறது.
திரை பச்சையிலிருந்து மஞ்சள்.
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

காத்திருக்கும் நேரத்தில்
யார் யார் என்ன தேடினார்கள் என்று படிக்கிறேன்.
ஒரே கேள்வி, பதினோரு இரவாக:
'நீலத் தூக்குச்சட்டி மூன்றடுக்கு'.
விடை சுழி.
சுழி.
சுழி.
கேட்டவர் சௌந்தரமேரி, செந்தூல்.

முகப்புப் பெண் எப்படி எழுதியிருப்பாள்?
'மங்கோக் திங்காட்'.
இரண்டிலும் ஒரே ரசம்தான் சிந்தும் என்பது
இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்.
ஒத்தசொல் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
தூக்குச்சட்டி, டிபன் கேரியர், மங்கோக் திங்காட்.
திரும்பத் தேடினேன்.
அப்போதும் சுழி.

அப்புறம்தான் உள்ளே இறங்கிப் பார்த்தேன்.
பதிவு இருந்தது,
மேலே 'நீக்கப்பட்டது' என்ற குறியோடு.
எங்களிடம் அழிப்பது என்றால் உடனே அழிப்பதல்ல.
சின்னத் துண்டுகளைக் கூட்டிப் பெரிதாய் எழுதும் நாள் வரை
குறியைச் சுமந்து அங்கேயே கிடக்கும்,
எந்தத் தேடலின் கண்ணிலும் படாமல்.

தொண்ணூறு நாள் கெடு.
புதன்கிழமை ஏலத்தில் போயிருக்கிறது.
அந்த அம்மாள் கேட்கத் தொடங்கிய முதல் ஏழு இரவும்
அது அலமாரியில்தான் இருந்தது.

நாலு பத்துக்கு லங்சாட் எழுந்தது.
தூங்கிய நேரத்தில் விட்டுப்போனதை
மங்குஸ்தீனிடம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டது.
திரை பச்சை.
தூக்குச்சட்டியின் பதிவும் குறியோடு பத்திரமாக இருக்கிறது,
மூன்று பிரதி.

சட்டி ஒன்றுதான் இருந்தது.

ஒன்பது மணிக்குச் செந்தூலுக்குப் போன் பண்ணவேண்டும்.