கடைசி வரியில் ஒன்று

ஹார்ட்ஃபோர்டில் என் வேலை
மரணத்தை அட்டவணையில் அடுக்குவது.
காப்பீட்டுக் கம்பெனி, ஏழாவது மாடி.
ஒரு லட்சம் குழந்தைகள்
ஒரே கணத்தில் பிறப்பார்கள் என் திரையில்.
அழுகை இல்லை, பெயர் இல்லை, தொப்புள்கொடி இல்லை.
வயதுக்கொரு வரியாகக் கீழே இறங்கி வருவார்கள்
வரிக்குச் சிலராகக் குறைந்தபடி.
என் வயது நாற்பத்தேழு.
அந்த வரியில் ஆயிரத்துக்கு மூவர்.
மூவர்தானே என்று
இருபது வருடம் காப்பி குடித்திருக்கிறேன்.

போன அக்டோபரில்
எண்பத்து நான்காம் நெடுஞ்சாலையில்
இடது கை மரத்துப்போனது.
சிக்னல் போட்டு ஓரங்கட்டினேன்.
சாகப்போகிற நேரத்திலும் சிக்னல் போட்டவன் என்று
அமுதவல்லி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.
கழுத்து நரம்பு, வேறொன்றுமில்லை என்றார்கள்.
ஐநூற்று அறுபது டாலருக்கு ரசீது தந்தார்கள்.
ஆனால் அந்தக் கார்
இன்னும் சாலையோரத்தில்தான் நிற்கிறது,
விளக்கு விட்டுவிட்டு எரிய.
வீட்டுக்கு ஓட்டிவந்தவன் யாரென்று தெரியவில்லை.

புதன்கிழமைகளில்
ஒரு தேவாலயத்தின் நிலவறையில்
ஒன்பது பேர் உட்காருகிறோம், மடக்கு நாற்காலிகளில்.
நடத்துகிற டோரீன்
பகலில் தபால் பிரிக்கிறவள்.
"வெளியே போகும் மூச்சைக்
கடைசி மூச்சாக விடுங்கள்" என்றாள்,
ஏதோ முகவரியை வாசிப்பதுபோல.
எல்லோரும் விட்டார்கள்.
நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில், விடியுமுன் நாலே முக்காலுக்கு,
துணி துவைக்கும் அறையில் பயிற்சி.
ட்ரையரின் மிச்சச் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன்.
மகனின் ஒற்றைக் காலுறை எப்போதும் தரையில் கிடக்கும்.
கண்ணை மூடினால்
மகத்தான எதுவும் வருவதில்லை.
முழங்காலில் அரிப்பு வருகிறது.
வீட்டுக் கடன் வருகிறது.
வங்கிக் கடவுச்சொல் அவளுக்குத் தெரியாதே என்று வருகிறது.
பிறகு, இதற்கெல்லாம் அடியில்,
லிஃப்ட் தரைத்தளத்தைத் தாண்டியும்
இறங்கிக்கொண்டே போவதுபோல
வயிற்றில் ஒரு காலி.

அங்கேதான் எழுந்துவிடுவேன்.
எழுந்து துணி மடிப்பேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில்
துண்டுகள் கூட விளிம்போடு விளிம்பு சேர்ந்திருந்தன.

பிப்ரவரியில் ஒரு நாள்
பனி தள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிப் போனபோது
எழவில்லை.
வீரமெல்லாம் இல்லை, கால் மரத்திருந்தது.
அது வந்தது.
இடம் கேட்காமல் உட்கார்ந்தது.
நெஞ்சு அடித்தது. அடிப்பதை எண்ணினேன்,
தொழில் புத்தி.
நூற்றுப் பதினெட்டில் எண்ணிக்கை தவறியது.
தவறிய இடத்தில்
சற்று நேரம் யாருமே எண்ணவில்லை.

வண்டி திரும்பி வந்து
தெருவின் மறுபக்கத்தைச் சுரண்டியது.
கொதிகலன் ஒருமுறை இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது.
பயம் போகவில்லை.
ஆனால் அதற்கு ஓர் அளவு இருந்தது,
காலுறைக்கும் சலவைத்தூள் டப்பாவுக்கும் நடுவே
அடங்குகிற அளவு.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன்.
அட்டவணையின் எண்களை
ஆறு தசம இடம்வரை கணக்கிடுவோம்,
மேடு பள்ளம் தெரியாமல் இழைப்போம்.
நூற்றிருபது வயதுக்கு எதிரே நிற்கும் கடைசி எண் மட்டும்
எந்தக் கணக்கிலும் வருவதல்ல.
ஒன்று.
முழு ஒன்று.
எங்களில் ஒருவர் அதைக் கையால் அடிக்க வேண்டும்.
இந்த வருடம் என் முறை.
அடித்தேன். சேமிக்கவா என்று திரை கேட்டது.

இரவு அமுதவல்லியிடம் கடவுச்சொல்லைச் சொன்னேன்.
மருத்துவமனை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.
"இதில் பெரிய எழுத்து எது?"
முதல் எழுத்து, என்றேன்.
விளக்கணைத்த பின்
மூச்சை முழுதாக வெளியே விட்டேன்.
அடுத்தது தானாகவே வந்தது,
இம்முறை.