ஈர விளிம்பு

மூன்று வாரம் அண்ணாந்து அண்ணாந்தே சமைத்தோம்.
கெத்தின் பூசி முடித்த அன்று உட்கூரை
இறைச்சிக்கடை இளஞ்சிவப்பில் இருந்தது.
"ஒரு கறுத்த திட்டுகூட மிஞ்சாமல் வெளுக்கணும்.
அதுக்கு முன்னாடி கை வெச்சீங்கன்னா
உரியும்போது என்னைக் கூப்பிடாதீங்க."
நின்றபடியே தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

சுவான்சீயில் மார்ச் மாதம்.
துவைத்த காலுறையே காயாது.
ஜன்னலைத் திறந்தால் தூறல்,
மூடினால் கெட்டிலின் ஆவி.
இரவுப்பணி முடிந்து வரும் மெரெரிட்
கோட்டைக் கழற்றுமுன் மேலே பார்ப்பாள்,
வார்டில் கட்டுப் பிரித்துப் பார்ப்பதுபோல.
"விளக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கு."
திட்டு தட்டளவாகி, நாணயமளவாகி,
ஒரு வியாழக்கிழமை காணாமல் போனது.

ஞாயிறு. அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும்
பழைய போர்வைகள்.
உப்புத்தாளால் நான் முடிச்சுகளைத் தேய்க்க,
குளியல் தொப்பி போட்டுக்கொண்டு அவள்
பெயிண்டில் தண்ணீர் கலந்தாள்.
மூன்றுக்கு ஒன்று.
புதுச் சாந்துக்குத் தாகம் அதிகம்;
கெட்டியாகக் கொடுத்தால் குடிக்கத் தெரியாது.
ஊற்றியது மோர் மாதிரி ஓடியது.

ஓரங்களுக்கு ஏணியில் நான், தூரிகையுடன்.
நடுவில் அவள், நீளக் கழியில் ரோலருடன்.
ஜன்னலிலிருந்து உள்நோக்கி, நிற்காமல்:
ஈர விளிம்பு காய்வதற்குள்
அடுத்த பட்டை அதைத் தொட்டாக வேண்டும்.
நின்றால் கோடு விழும். விழுந்த கோடு விழுந்ததுதான்.

பாதிக் கூரையில் சொன்னேன்.
"குழாய் இணைப்பு விட்டுப்போகலை.
குளியல் தொட்டியில் தண்ணியைத் திறந்துவிட்டு
காரை நகர்த்தப் போனேன்.
ரேடியோவில் ரக்பி.
இரண்டாம் பாதி முழுக்கக் கேட்டேன்."

ரோலர் நிற்கவில்லை.
என் கண்ணாடியில் இரண்டு துளி விழுந்தன.
"ஓரம் காயுது," என்றாள்,
"மூலையை முடி."
முடித்தேன்.

இன்னும் நாலு பட்டை போனபின்:
"அப்போ அந்த ஐவர்?"
"ஐவர்னு யாரும் இல்லை."
"அவனுக்கு முதுகுவலின்னு சொன்னே."
"சொன்னேன்."
"நான் களிம்பு கொடுத்தனுப்பினேன்."
அது என் கார் டிக்கியில் இருக்கிறது.
"அவனுக்குக் கொடுத்த எண்பது பவுண்டு?"
தூண்டில் சக்கரம் என்றேன். மறுபடி சொல்லச் சொன்னாள்.
தூண்டில் சக்கரம்.

அவள் கடைசிப் பட்டையை வாசல்வரை இழுத்து,
ரோலரைத் தட்டில் வைத்து,
கழுத்தைப் பிடித்துக்கொண்டு
போர்வை மூடிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.
தொப்பியெங்கும் வெள்ளைப் புள்ளி.
எதிர்வீட்டு ஓட்டின்மேல் வெயில் சாய்ந்து
கூரையோடு கூரையாகப் படிந்தபோது
விட்டுப்போன இடங்களெல்லாம் தெரிந்தன.
விளக்கைச் சுற்றி ஒன்று. என் மூலையில் மூன்று.

"நாளைக்கு இரண்டாவது பூச்சு," என்றேன்.
"தண்ணி கலக்காம," என்றாள்.
பிறகு,
"தனியா அடி. எனக்கு ஷிப்ட்.
அந்தக் களிம்பைக் கொண்டு வா, கழுத்து வலிக்குது."