முன்னூறு எழுத்துகளுக்குள்

"கற்றலில் தொழில்நுட்பம் கொண்டுவந்த மாற்றத்தை
முன்னூறு எழுத்துகளுக்குள் விவரிக்கவும்"
என்கிறது படிவம்.
கட்டத்துக்குக் கீழே ஓர் எண் குறைந்துகொண்டே வருகிறது.
வணக்கம் என்றேன்,
ஐந்து போய்விட்டது.

வெளியே சிலோயே தீவின் மழை.
இங்கே மழையை யாரும் கவனிப்பதில்லை,
நின்றால்தான் தலைதூக்கிப் பார்ப்போம்.

பெட்டிகள் வந்த நாளை எழுதலாமா?
நாற்பத்தொரு டேப்லெட்டுகள்
சால்மன் பண்ணைப் படகில், தீவன மூட்டைகளுக்கு நடுவே.
மீன்வாடை போக ஒரு வாரம் பிடித்தது.
வரவேற்புரை ஆற்றியவள் நான்தான்.
'எதிர்காலம்' என்ற சொல்லை ஏழு முறை சொன்னேனாம்,
எலிசெயோ கார்க்கமோ விரல்விட்டு எண்ணியிருக்கிறார்.
கணக்கு வாத்தியார், எண்ணாமல் இருக்க முடியாது அவரால்.

அவர் வகுப்புக்கு மென்பொருள் எப்போதும்
சிவப்புப் புள்ளிதான் வைக்கும்:
பயன்பாடு குறைவு.
மே மாதம் அந்தப் புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனேன்,
தலைமை ஆசிரியை போகத்தானே வேண்டும்.
வகுப்பே தரையில் குப்புறக் கிடந்தது.
உருளைக்கிழங்குக் கூடைகளின் வாயைக் கயிற்றால் சுற்றி
அதே கயிற்றைக் குறுக்கே மடித்து மடித்துப் போட்டு
"மூணும் கொஞ்சமும்! மூணும் கொஞ்சமும்!" என்று ஒரே கூச்சல்.
"அந்தக் கொஞ்சம் எவ்வளவு?" என்றார் அவர்.
அமைதி.
புள்ளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
திரும்பிவிட்டேன்.

இதோடு நிறுத்தினால் அழகான அறிக்கை.
இயந்திரம் மூடம், கயிறு ஞானி.
கைதட்டல் கிடைக்கும்.
ஆனால் யஸ்னா இருக்கிறாளே.

யஸ்னா நவெல்கின், ஆறாம் வகுப்பு.
இரண்டு வருடமாக வகுப்பில் வாய் திறக்காதவள்.
எது கேட்டாலும் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டுவாள்.
நாங்களும் கேட்பதை நிறுத்தியிருந்தோம்.
பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

ஜூன் கடைசியில்
சந்தாவை ரத்துசெய்யும் கடிதம் பாதி எழுதியபின்
ஒப்புக்குப் பதிவேட்டைத் திறந்தேன்.
இரவு பதினொன்று நாற்பது.
மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்?
விதியைச் சொன்னது இயந்திரம்.
அது விதி. நான் ஏன் என்று கேட்டேன்.
மறுபடி அதே விதி, கொஞ்சம் சர்க்கரை தூவி.
ஏன்.
ஏன்.
பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறாள்.
அது அலுக்காமல் பன்னிரண்டு முறை
தெரிந்ததுபோல் பேசியிருக்கிறது.

தேதியைப் பார்த்தேன்.
பத்தொன்பது நாளாக அந்தக் கேள்வி அங்கேயே கிடந்தது.
திறந்து பார்க்கும் உரிமை எனக்கு இருந்தது.
நான் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்செடுத்து எலிசெயோவிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்,
எனக்கும் தெரியாது" என்றார்.
அன்றிரவு ஒற்றை விரலால் தட்டி
அதையே அவளுக்கும் அனுப்பினார்.

பேசினாளா என்று கேட்காதீர்கள். பேசவில்லை.
வெள்ளிக்கிழமை, எல்லோரும் காலணி மாட்டும் நேரத்தில்,
எங்களுக்கு முதுகைக் காட்டியபடி
கரும்பலகையில் எழுதினாள்:

கடல் மணிக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது.
மூன்று மணி நேரத்துக்கு முன்னால்
எங்கே இருந்தது?

அவள் அம்மா பாசி அள்ளப் போகிறவள்.
வற்றும் கடலை அந்த வீட்டில்
யாரும் விதியாகப் படித்ததில்லை.
எலிசெயோ பெஞ்சில் உட்கார்ந்தார்,
"மூன்று மீட்டர் மேலே" என்றார்,
மாணவன் குரலில்.

இதில் எதை எது செய்தது?
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
கட்டத்தில் எழுதினேன்:
மாற்றம் உண்டு. சந்தா இன்னும் ஓராண்டு தேவை.
இரவில் வரும் கேள்விகளைக் காலையில் படிக்க
ஒரு மனிதர் தேவை; தற்போதைக்கு நான்.

அப்புறம் இரண்டு பெட்டி சுண்ணக்கட்டி.
இந்த ஈரத்தில் சீக்கிரம் நமுத்துப்போகிறது.
அதற்கென்று தனிக் கட்டம் இல்லாததால்
'உதிரி பாகங்கள்' என்ற இடத்தில்
சேர்த்திருக்கிறேன்.