காலி எடை

லீ பஜார் எடை மேடையில் எனக்கு இரவு வேலை.
ஜவ்வரிசி மூட்டையோடு லாரி ஏறும், ஒரு சீட்டு.
இறக்கிவிட்டு வெறும் வண்டி ஏறும், இன்னொரு சீட்டு.
கழித்தால் சரக்கு.
பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு கணக்குத்தான்.

சர்க்கரைக்கு முதலில் தந்த மாத்திரை
பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.
சாயங்காலம் ஆறு மணி ஆனால்
வயிற்றுக்குள் ஒருத்தன் ஹாரனை அழுத்திப் பிடிப்பான்.
கை நடுங்கும்.
எதிரே மாதேஸின் வண்டி.
தட்டுவடை செட் இரண்டு, பூண்டுச் சட்னி தூக்கலாக,
பிறகு ஒரு நொறுக்கல்,
பிறகு வீட்டில் சொல்லாத ஒரு முட்டை நொறுக்கல்.
சர்க்கரை இறங்கியது. நான் ஏறினேன்.
தொண்ணூற்று நாலு.
"வாயைக் கட்டுங்க அர்த்தநாரி" என்றார் நாலு ரோட்டு டாக்டர்,
அவிழ்த்துவிட்டது தான் எழுதிய மாத்திரை என்று
தெரியாதவர்போல.

இப்போது வாரம் ஒரு ஊசி.
வெள்ளிக்கிழமை, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி.
எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான்.
முதல் மாதம் புளித்த ஏப்பம்;
ரசம் கொதிக்கும் வாசனைக்கே வாசலுக்கு ஓடினேன்.
அப்புறம் ஒரு நாள் ஆறு மணி வந்தது,
ஹாரன் அடிக்கவில்லை.
ஏழு.
எட்டு.
குடியிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல்
காலி செய்துபோன வீட்டின் அமைதி.

மாதேஸ் கேட்டான்: "எங்கூட ஏதும் கோவமாண்ணே?"
ஊசி என்றேன்.
பீட்ரூட் துருவுவதை நிறுத்தாமல்
"எம் பொழப்புக்கே போட்டுட்டாங்களா" என்று சிரித்தான்.

ஆளில்லாத வேளையில் மேடையில் நானே ஏறி நிற்பேன்.
பெரிய மேடை, பத்துப் பத்தாகத்தான் பேசும்.
மாதக்கணக்கில் தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு.
ஒரு ராத்திரி எண்பது.
ஒரே எட்டில் பத்துக் கிலோவைக் கீழே வைத்துவிட்டேனாம்.
எங்கே வைத்தேன் என்று சுற்றிலும் பார்த்தேன்.

பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை.
மோதிரம் நூல் சுற்றி நிற்கிறது.
ஊசி விலைக்குச் சாந்தாமணியின் கொலுசு
செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில்;
அவள் நடப்பது இப்போது கேட்பதில்லை.
வீட்டில் எடை குறைந்தது நான் மட்டும் இல்லை.

வைகாசியில் டாக்டரே சொன்னார்,
மாம்பழம் ரெண்டு துண்டு சாப்பிடலாம்.
எத்தனை வருஷம் நச்சரித்த அனுமதி!
மல்கோவா சீவி வைத்தாள்.
ஒரு துண்டு தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.
இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பழைய சண்டைக்காரனைக் கல்யாண வீட்டில் பார்ப்பதுபோல.

இந்த மெலிந்தவன்தான் நானா,
சட்னிக் கிண்ணத்தை வழித்து நக்கிய அவன்தான் நானா?
எது வண்டி, எது சரக்கு?
கழிப்பதற்கு இரண்டு சீட்டும் வேண்டும்.
ஒன்றைத் தொலைத்துவிட்டேன்.

வியாழன் எனக்கு விடுப்பு.
ஊசி நீர்த்துப்போகும் கடைசி நாளும் அதுதான்.
நேற்று நடுராத்திரி விழிப்பு.
உள்ளே, கொண்டலாம்பட்டி பைபாஸ் தூரத்தில்,
ஒரு ஹாரன்.
இருட்டில் பாத்திரம் உருண்டுவிட்டது.
"என்னாச்சு?"
"பசிக்குது."
ஊரிலிருந்து யாரோ வந்து இறங்கியதுபோல எழுந்தாள்.
விளக்கைப் போடவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.
"எத்தனை?"
"ஒண்ணு."
ஊற்றினாள். தின்றேன்.
இரண்டாவதுக்கு மாவு எடுத்த கரண்டி
கல்லுக்கு மேலே கொஞ்ச நேரம்
அப்படியே நின்றது.