மனு எண் பதினேழு

திருத்தணிக்கு வடக்கே, தாலுகா ஆபீஸ் மாடியில்
செவ்வாய்தோறும் மேல்முறையீட்டுக் குழு கூடும்.
நான் குறிப்பெடுப்பவன்.

முனிலட்சுமி கொண்டுவந்த மூலப்பத்திரம் தெலுங்கில்;
ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தபோது எழுதியது.
"எல்ல நவுந்து போச்சி சார், ஊடு அங்கியேதான் கீது."
தலைவர் சிரித்தார். சிரிப்பைப் பதிவதில்லை.

விமானத் தளத்து மதிலிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் என்றார்கள்.
எந்த மதில் என்று கேட்டாள்: பழையதா,
போன வருஷம் கம்பங்கொல்லைக்குள் நடந்துவந்ததா?
சர்வேயர் வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

அவளுடைய தண்ணீர்த் தொட்டி நாலடி கூடுதல்.
பக்கத்திலேயே தென்னை, தொட்டிக்கு மேல் எட்டடி.
அதில் யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

பதினொன்றே காலுக்கு விமானம் இறங்கியது.
ஜன்னல் நடுங்க, டீ கிளாஸ் மேஜை விளிம்புக்கு நகர,
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்,
சிந்திய டீயில் விரல் தொட்டு
எதையோ வரைந்து காட்டியபடி.
மூன்று உறுப்பினர்களும் தலையாட்டினார்கள்.

சத்தம் அடங்கியதும் தலைவர் என்னைப் பார்த்தார்.
வழக்கமான வரியை எழுதினேன்:
'மேற்கொண்டு சொல்ல ஏதுமில்லை என்றார் மனுதாரர்.'

கீழே
தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.