ஐஸ் ஏற்றிக்கொண்டு வா

ஓட்டமாவடிப் பாலத்தடியில் என் கராஜுக்கு
அந்தக் கூலர் லொறி வந்தபோது
மூன்று பேர் ஏற்கனவே அதற்குத் தீர்ப்பெழுதியிருந்தார்கள்.
ஒருவர் ஒயில் மாற்றினார்.
ஒருவர் கியர்பெட்டியையே மாற்றச் சொல்லி
ஆறு லட்சம் என்று சிகரெட் பெட்டியில் எழுதிக் கொடுத்தார்.
மூன்றாமவர், பதுளையில், தலையைக்கூட உள்ளே விடாமல்
"ஓட்டோமெற்றிக் எண்டாலே இப்பிடித்தான்" என்றாராம்.

யோகநாயகம் இறங்கி நின்றான்.
பதினெட்டு வருடம் கிளச் மிதித்த இடது கால்
இன்னும் தரையில் எதையோ தேடியது.
"ரெண்டுக்குப் போய் ரெண்டுலயே நிக்குது.
இரையுது, இரையுது, மூண்டுக்கு ஏறுதில்ல.
மகாஓயா நேர் றோட்டுல
உழவு மெசின் என்னை முந்திப் போகுது.
போன கிழமை விடியப் பண்டாரவளைக்குப் போற பாரைமீன்
பத்து மணிக்குப் போய்ச் சூரை விலைக்குத்தான் வித்திச்சு.
பகல்ல வெறும் வண்டியா ஓடினா
ஒரு குறையுமில்ல."

எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி
டிப்ஸ்ரிக்கை இழுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி இழுத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
மாதுளஞ்சாற்றுச் சிவப்பில் ஒயில்.
விரலில் தேய்த்து மணந்தேன். கருகல் இல்லை.
கருகிய கியர்பெட்டி ஒளிக்காது,
அடிப்பிடித்த சோற்றுப் பானைபோல
மூடி திறக்கும் முன்னமே சொல்லிவிடும்.

ஸ்கானரில் ஒரே ஒரு கோட்:
இரண்டாம் சொலினொய்ட், மின்தொடர்பு.
அழித்துவிட்டுக் கிரான் வரைக்கும் ஓட்டினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
கையிலிருந்து நழுவும் மீன்போல மாறிற்று.
திரும்பி வந்தும் கோட் வரவில்லை.
வைத்தியரைக் கண்டதும்
எழுந்து உட்காரும் நோயாளி.

"கழட்டிப் பாருங்க" என்றார் மஹ்றூப் முதலாளி போனில்.
ஸ்பானரை எடுத்தும் விட்டேன்.
பகலில் வராதது இரவில் ஏன் வருகிறது?
வெறுமையில் வராதது மீனோடு ஏன்?
மீனுக்கும் மின்சாரத்துக்கும் என்ன பகை?

ஐஸ் ஏற்றிக்கொண்டு வா என்றேன்.
யோகநாயகம் என் முகத்தைப் பார்த்தான்.
மீன் வேண்டாம், இருபது கட்டி ஐஸ், ஒரு மூட்டை உப்பு.
வாழைச்சேனை ஐஸ் கொம்பனியில்
யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்களாம்.

லொறிக்குக் கீழே சாக்கு விரித்து
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.
இஷா பாங்கு சொன்னது. நுளம்பு.
ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு
முதல் துளி.

பிளந்த வடிகுழாயிலிருந்து கசிந்து
சேஸின் விளிம்போடு ஊர்ந்து
ஒரு போல்ட் தலையில் தங்கி, கனத்து,
கியர்பெட்டிக் கொனெக்டரின் நெற்றியில் விழுந்தது.
பிறகு இன்னொன்று.
அவசரமே இல்லை அதற்கு.

மீற்றரை வைத்தேன்.
பதினைந்து ஓம் காட்ட வேண்டிய இடத்தில்
பதினொன்று, நாலு, ஒன்பது என்று
காய்ச்சல்காரன்போலப் பிதற்றியது.
கொனெக்டரைக் கழற்றினால், எட்டு ஊசியில் ஒன்று
பாசிப் பச்சை.
இரண்டு வருடத்துச் சூரை, கீரி, பாரை
கடலிலிருந்து கொண்டுவந்த உப்பையெல்லாம்
அதற்குத்தான் ஊட்டியிருந்தன.

ஊசி புதிது, ரப்பர் சீல் புதிது, ஒன்றரை அடி ஹோஸ்.
கையோடு அடித்தட்டையும் கழற்றி வடியை மாற்றினேன்.
காந்தத்தில் கொஞ்சம் இரும்புத் தூள்.
அந்த ஓட்டத்துக்கு அது நரை, நோயல்ல.
மஹ்றூப் முதலாளி பில்லைத் திருப்பிப் பார்த்தார்,
மிச்சத் தொகை பின்பக்கத்தில் இருக்கிறதோ என்று.

மூன்று நாள் கழித்து, இரவு இரண்டே கால்.
யோகநாயகத்தின் நம்பர்.
பதறி எடுத்தேன். அவன் பேசவில்லை.
போனை எஞ்சின் பக்கம் பிடித்திருந்தான் போல.
இரைச்சல் ஏறி, ஏறி,
ஒரு மூச்சளவு தாழ்ந்து
மறுபடி ஏறிற்று.
மூன்று.

படுத்தபடியே நான்குக்குக் காத்திருந்தேன்.
மகாஓயாக் காட்டுக்குள்
சிக்னல் அறுந்தது.